வெள்ளிக்கிழமை வள்ளம்

எங்கள் கிராமத்துச் சிறுவர் பாதுகாப்புக் குழு எந்த ஆண்டு தொடங்கியது என்பதில் இன்றுவரை இரண்டு கட்சி உண்டு. போர் முடிந்த கையோடு வந்தது என்பார் சம்மாட்டியார். கற்பிட்டி வீதியில் மின்சாரக் காற்றாடிகள் சுழலத் தொடங்கிய பிறகுதான் என்று மூப்பர் அடித்துச் சொல்வார். நான் மூப்பரின் பக்கம். முதற் கூட்டத்துக்குப் பிரதேச செயலகத்திலிருந்து வந்தவர்கள் வழியில் இறங்கிக் காற்றாடி பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். அவர்கள் வந்து சேர்வதற்குள் நாங்கள் இரண்டாம் தரமும் தேத்தண்ணி குடித்து முடித்திருந்தோம். இந்தச் சான்றைச் சம்மாட்டியார் ஏற்பதில்லை. தேத்தண்ணி குடித்தது நினைவிருக்கிறது, காற்றாடி நினைவில்லை என்பார்.

நான் உப தபாலகத்தில் வேலை பார்த்தவன். காலையில் கதவைத் திறந்ததும் முதல் வேலை முத்திரையில் திகதியை மாற்றுவது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குணம் போகவில்லை. ஊரில் ஒன்று நடந்தால், அது எந்த ஆண்டு, தென்மேற்குச் சோளகம் வீசிய மாதமா வடக்கு வாடை வீசிய மாதமா என்று பொருத்தி வைக்காவிட்டால் அது பாதிதான் நடந்ததுபோல இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து போர்க்காலத்தில் வந்து இங்கேயே தங்கிவிட்ட எனக்கு, எனக்குச் சொந்தமில்லாத ஊரின் ஆண்டுகளையெல்லாம் அடுக்கி வைப்பது ஒருவகையில் குடியுரிமை வாங்குவது மாதிரியும் இருந்திருக்கலாம். எப்படியோ, குழுவுக்குச் செயலாளர் வேண்டும் என்றபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

தலைவர் சம்மாட்டியார். சம்மாட்டி என்றால் இங்கே வள்ளமும் வலையும் சொந்தமாக வைத்துத் தொழில் செய்விப்பவர். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லாரோடும் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டபோது உடுத்த சாரத்தோடு வந்து, பிறகு நான்கு வள்ளங்களுக்கு உரிமையாளர் ஆனவர். பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் அவர்தான் தலைவர். மூப்பர், ஊரின் வடக்கு முனையில் உள்ள கத்தோலிக்கக் கோயிலைப் பொறுப்பாகப் பார்ப்பவர். பஸ் நிற்கும் இடத்தில் கடை வைத்திருந்தார். கடலோரத்தில் பிறந்தும் கடலை ஏறெடுத்துப் பார்க்காத மனிதர். முன்பள்ளி டீச்சர் மூன்றாமவர். அவருடைய கணவரும் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்தார். இவர்களுக்கு மேலே பிரதேச செயலகத்தின் சிறுவர் அதிகாரி. சிலாபப் பக்கத்துப் பிள்ளை. சிங்களத்தில் யோசித்துத் தமிழில் கதைப்பார், எல்லாரும் அவரை மிஸ் என்று கூப்பிட்டோம்.

கூட்டம் டீச்சரின் முன்பள்ளியில் நடக்கும். பெரிய கதிரைகள் கல்யாண வீடுகளுக்குப் போய்த் திரும்பி வராதபடியால், சின்னப் பிள்ளைகளின் பிளாஸ்டிக் கதிரைகளில்தான் ஊர்த் தலைவர்கள் உட்காருவார்கள். சம்மாட்டியார் ஆள் பெரியவர். அவர் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்து, குடும்பங்களின் நன்மை தீமை பற்றிக் கதைப்பதைப் பார்க்க எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பழகிவிட்டது.

நாள் வெள்ளிக்கிழமை. அதற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. வெள்ளியில் முஸ்லிம் வள்ளங்கள் கடலுக்குப் போவதில்லை, ஊரில் பெரிய வள்ளமெல்லாம் அவர்களுடையதுதான். ஜும்ஆத் தொழுகை முடிந்து சாப்பிட்டால் சம்மாட்டியாருக்கு வேலை இல்லை. டீச்சருக்கு அன்று அரை நாள். வாடிக்கையாளர் எல்லாரும் பள்ளிவாசலுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுப்பதால் மூப்பரின் கடையில் இலையான் ஓட்டுவதுதான் வேலை. மிஸ்ஸுக்கு வார முடிவில் பாலாவி போய்ச் சிலாபம் பஸ் பிடிக்க வேண்டும், எங்கள் ஊர் வழியில் கிடந்தது. எனக்கு வெள்ளி மரக்கறி நாள், அதைத் தவிர வேறு தடையில்லை. ஆக, எங்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு கிடைக்கும் அந்த நாளிலேயே கூட்டமும் வைத்தோம், வீடு பார்க்கவும் போனோம்.

போர் முடிந்து நான்கைந்து ஆண்டு கழிந்த ஒரு சோளகக் கடைசி. கடல் கொந்தளிப்பு இறங்கி, மேற்குக் கரையில் தொழில் திரும்பத் தொடங்கிய நேரம். தமிழ்ப் பாடசாலையிலிருந்து ஒரு தகவல் வந்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கையில் சுட்ட புண்ணோடு வருகிறது, கேட்டால் சோறு வடித்தபோது கஞ்சி ஊற்றுப்பட்டது என்கிறது. வீட்டில் தாய் இல்லை.

அந்தக் குடும்பத்தை எங்களுக்கு ஓரளவு தெரியும். வடக்கே கோயிலுக்கு அப்பால் உள்ள புதுக் குடியேற்றம். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். தாய் முந்தின ஆண்டு குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். தகப்பன் கடல் தொழிலாளி. பெண் பிள்ளைகள் இரண்டு: மூத்தவளுக்குப் பதின்மூன்று வயது, கை சுட்டுக்கொண்ட இளையவளுக்கு ஏழு.

அடுத்த வெள்ளி போனோம். சீமெந்துக் கல் சுவர் நாலும் எழும்பி நின்றது, மேலே கூரைக்குப் பதில் தறப்பாள். கதவு சாத்தியிருந்தது. மூத்தவள் அரைக் கதவைத் திறந்து, மற்ற அரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, அப்பா தொழிலுக்குப் போயிட்டார் என்றாள். எப்போது வருவார்? பொழுதுபடும். வீட்டில் வேறு யாரும் உண்டா? இல்லை. இளையவள் அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு எங்களை எண்ணிப் பார்த்தது. மிஸ் குனிந்து கையைக் காட்டச் சொன்னார். புண் ஆறிக்கொண்டு வந்தது, ஆனால் பெரிய புண்.

திரும்பி வரும்போது மூப்பர் என் காதருகே, வெள்ளிக்கிழமை என்ன தொழில், ஊர் வள்ளமெல்லாம் கரையில்தானே கிடக்கிறது என்றார். பெரிய துறையில், பள்ளிவாசலுக்கு முன்னால், வள்ளங்கள் வரிசையாக மணலில் ஏற்றியிருந்தன. கேள்வி நியாயமாகவே பட்டது.

இரண்டாம் தரம் போனபோதும் அதே அரைக் கதவு, அதே பதில். அதற்குள் மூப்பரின் கடையில் வேறு கதையும் வந்து சேர்ந்திருந்தது. அந்த மனிதரை வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் பாலாவிச் சந்தியில் கண்டிருக்கிறார்கள். பாலாவியில் லொறிக்காரர்களுக்கான சாப்பாட்டுக் கடைகளும் உண்டு, கள்ளுத் தவறணையும் உண்டு. அவர் எதற்குள் போனார் என்று கண்டவர்கள் சொல்லவில்லை. கேட்டவர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

மூன்றாம் தரம் முன்கூட்டியே பிள்ளையிடம் சொல்லி அனுப்பினோம்: அடுத்த வெள்ளி அப்பா வீட்டில் நிற்க வேண்டும், மிஸ் கட்டாயம் பார்க்க வேண்டுமாம். போனோம். வீட்டு முற்றம் கூட்டியிருந்தது. ஐந்து கோப்பைகளில் தேத்தண்ணி ஊற்றி மூடி வைத்திருந்தது. அப்பா வந்திடுவார், வெள்ளன வாறன் என்று சொன்னவர் என்றாள் மூத்தவள். நாங்கள் காத்திருந்தோம். தேத்தண்ணி குடித்தோம். அவர் வரவில்லை. மிஸ்ஸின் பஸ்ஸுக்கு நேரமாயிற்று. எழும்பும்போது சம்மாட்டியார், பெரிய மனிதர் ஒருவருக்கு உரிய வருத்தத்தோடு, அந்தப் பிள்ளைக்கும் கேட்கும்படி சொன்னார்:

"புள்ளயள விட மீன் பெரிசாப் போச்சு இவருக்கு."

மூத்தவள் சம்மாட்டியாரை நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வாய் எடுத்தவள் சொல்லாமல் கோப்பைகளைப் பொறுக்கத் தொடங்கினாள். அந்தப் பார்வைக்கு அப்போது எனக்குப் பொருள் புரியவில்லை. துடுக்கு என்று நினைத்தேன்.

வீதிக்கு வந்ததும் மிஸ் நின்று கதைத்தார். இனித் தன்னால் சும்மா இருக்க இயலாது. ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை, ஒரு ஏழு வயதுப் பிள்ளை, சுட்ட காயம், மூன்று தரம் போயும் இல்லாத தகப்பன். குழு சிபாரிசு செய்தால் நன்னடத்தை அலுவலகம் பிள்ளைகளை ஒரு சிறுவர் இல்லத்தில் சேர்க்கும். தாய்க்கு அறிவித்தல் போகும். அவள் ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்துக்கொண்டு வரவேண்டி வரும். மிஸ் இதை விருப்பத்தோடு சொல்லவில்லை. ஆனால் முந்தின இடமொன்றில் இப்படி ஒரு வீட்டை இன்னும் ஒருதரம் பார்ப்போம் என்று விட்டுவைத்து, அந்த ஒருதரம் வருவதற்குள் நடந்தது என்னவென்று அவருக்குத் தெரியும். அதை எங்களுக்குச் சொல்லவில்லை. தெரியும் என்பது முகத்தில் தெரிந்தது.

சிபாரிசுக்கு முன் தகப்பனை ஒருதரம் விசாரிப்பது முறை. அவர் ஞாயிறு பூசைக்கு வருவார், கோயில் முடிந்ததும் நேரே கூட்டி வருகிறேன் என்று மூப்பர் பொறுப்பெடுத்தார். மிஸ் தன் ஓய்வு நாளை விட்டுச் சிலாபத்திலிருந்து வந்தார்.

வெள்ளைச் சேர்ட் போட்ட மெலிந்த மனிதர். பிள்ளைகள் இருவரையும் வெளியே ஊஞ்சலடியில் விட்டுவிட்டு வந்து, ஒரு சின்னக் கதிரையில் உட்கார்ந்தார். எங்களில் அந்தக் கதிரை பொருந்திய ஒரே ஆள் அவர்தான். அவ்வளவு ஒடுங்கி உட்கார்ந்தார். மிஸ் அமைதியாகக் கேட்டார். மற்ற நாட்களில் அலையில்லாத கடல்நீர்க் களப்பில் சின்னத் தோணியில் நண்டு வலை போடுவதாகவும், விடிய முதல் போய்ப் பிள்ளைகள் பாடசாலை விட்டு வருவதற்குள் வந்துவிடுவதாகவும் சொன்னார். வெள்ளியில் மட்டும் பெருங்கடலுக்குப் போவதாம். அன்று திரும்பப் பொழுதுபட்டுவிடும். பிள்ளை கை சுட்டதும் ஒரு வெள்ளியில்தான். மூத்தவள் தண்ணிக்குப் போன நேரம் இளையவள் பானையைச் சரித்துவிட்டாள். சொல்லும்போது அவர் தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

யாருடைய வள்ளம் என்று மிஸ் கேட்டார்.

ஒரு வள்ளம் என்றார் அவர். யார் தண்டையல், அதாவது வள்ளத்தை ஓட்டிப் போகிறவர் யார் என்று கேட்டதற்கும் வாய் திறக்கவில்லை. மூப்பருக்குப் பொறுமை போய்விட்டது. தான் கூட்டிவந்த ஆள், தன் கோயில் ஆள், எல்லாருக்கும் முன்னால் இப்படித் தடுமாறுவது அவருக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும்.

"வெள்ளிக்கிழமை ஊர் வள்ளம் முழுக்கக் கரையில கிடக்குது. நீ என்ன, நீந்தியோ போறனீ?"

டீச்சர் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்தார். தகப்பன் சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. மூப்பர் விடவில்லை. பாலாவியில கண்ட ஆக்கள் சொல்லுற தொழில்தானோ அது என்றார். அந்த மனிதரின் முகம் கறுத்தது. யன்னலுக்கு வெளியே ஊஞ்சல் நின்றுவிட்டதை நான் கவனித்தேன். மூத்தவள் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மிஸ் பேனையை மூடினார். அவர் பேனையை மூடினால் முடிவுக்கு வந்துவிட்டார் என்று எங்களுக்குத் தெரியும்.

"மிஸ், கொஞ்சம் நில்லுங்க," என்றார் சம்மாட்டியார்.

அவர் எழும்ப முயன்றார். கதிரையும் அவரோடு எழும்பியது. கையால் அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நின்றபடியே, தகப்பனைப் பார்த்துக் கேட்டார்:

"தம்பி, கோயிலுக்கு வடக்கால தாழையடியில இருந்து போற வள்ளமா?"

தகப்பன் தலையைக் குனிந்துகொண்டார். "ஓம் நானா," என்றார் கடைசியில், முஸ்லிம் அண்ணனைக் கூப்பிடும் முறையில்.

"அது என்ட வள்ளம்," என்றார் சம்மாட்டியார், எங்கள் எல்லாருக்கும்.

அதன் பிறகு அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன், அவர் சொன்னபோது இடையிடையே நின்று நின்று சொன்னார். இரண்டு ஆண்டுக்கு முன் புதுக் குடியேற்றத்துத் தண்டையல் ஒருவர் அவரிடம் வந்திருக்கிறார். வெள்ளியில் கடலில் கூட்டம் இல்லை, மீனுக்கு நல்ல விலை, உங்கள் வள்ளம் அன்று சும்மாதானே கிடக்கிறது என்று கேட்டிருக்கிறார். சம்மாட்டியார் யோசித்துவிட்டுக் கொடுத்தார். ஜும்ஆ நாள் உழைப்பில் தனக்குப் பங்கு வேண்டாம், எண்ணெய்க் காசு மட்டும் போதும் என்று சொன்னார். அதனால் கடலுக்குப் போகிற நாலு பேருக்கும் வாரத்தில் அதுதான் கை நிறையும் நாள். ஆனால் பள்ளிவாசல் தலைவரின் வள்ளம் வெள்ளிக்கிழமை கடலுக்குப் போகிறது என்று ஊர் கதைக்கக் கூடாது. ஆகவே வள்ளம் பெரிய துறையிலிருந்து போகாது; ஆள் நடமாட்டமில்லாத தாழையடியிலிருந்து போகும். மீனும் ஊருக்குள் வராது. அங்கேயே லொறியில் ஏற்றிப் பாலாவிக்குக் கொண்டுபோய் விற்பார்கள். வள்ளம் யாருடையது என்று யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது பேச்சு. நாலு பேரும் யார் யார் என்று அவர் கேட்கவில்லை. தண்டையல் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டார்.

"மூணு தரம் நாம அந்த வீட்டுக்குப் போன நேரம்," என்று மிஸ் மெதுவாகச் சொன்னார், "அவர் உங்கட வள்ளத்தில."

"ஓம் மிஸ்."

"மூணாந்தரம் சொல்லித்தானே அனுப்பினோம்?"

இதற்குத் தகப்பன் பதில் சொன்னார். அன்று போகாமல் நிற்க நினைத்தாராம். ஆனால் ஒருவர் நின்றால் மூன்று பேரை வைத்து வலை இழுக்க முடியாது, மற்ற மூவருக்கும் அந்த வாரம் போய்விடும். வெள்ளனத் திரும்பிவிடலாம் என்று போயிருக்கிறார்கள். வரும் வழியில் காற்று எதிர்த்துவிட்டது.

டீச்சர் சம்மாட்டியாரைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிரவே இது அவருடைய வீட்டில் கதைக்கப்படும், மறுநாள் பள்ளிவாசல் விறாந்தையில் கதைக்கப்படும் என்பது சம்மாட்டியாருக்கும் தெரியும். மூப்பர் தன் சேர்ட்டுப் பையில் எதையோ தேடினார். நான் அப்போதுதான் அந்தக் கோப்பைகளை நினைத்தேன், அவற்றைப் பொறுக்குமுன் அந்தப் பிள்ளை சம்மாட்டியாரைப் பார்த்த பார்வையையும்.

பல ஊர்களின் நிர்வாகம் பற்றி நான் வாசித்திருக்கிறேன். பொறுப்பில் இருப்பவர்கள் கெட்டவர்களாக இருந்ததால் நடந்த அநியாயங்களைப் பற்றி எழுதியவர்கள் அதிகம். எங்கள் சின்னக் கதிரைகளில் அன்று கெட்டவர் யாரும் இல்லை. வள்ளத்தைக் கொடுத்தது நல்ல மனம். வாயைக் கட்டியதும் விசுவாசம். வீடு வீடாகப் போனதும் பிள்ளைகள் மேல் அக்கறையில்தான். ஆனால் எங்களுக்கு வசதியான நேரத்தில் போய், எங்களுக்கு ஓய்வான நாளில் எல்லாரும் ஓய்வாக இருப்பார்கள் என்று நம்பி, அந்த மனிதர் வீட்டில் இல்லாத ஒரே நாளில் மூன்று தரம் கதவைத் தட்டியிருக்கிறோம்.

இதோடு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று மூப்பர் நினைத்தார். மிஸ் நினைக்கவில்லை. தகப்பன் நல்லவர் என்பது சரி, ஆனால் வெள்ளிக்கிழமை இன்னும் வெள்ளிக்கிழமைதான், அடுப்பும் அங்கேதான் இருக்கிறது என்றார்.

சம்மாட்டியார் உடனே, அப்படியானால் வள்ளத்தை நிறுத்திவிடுகிறேன் என்றார். அதைச் சொன்னபோது அவருக்கு ஒரு நிம்மதியும் இருந்தது என்று நினைக்கிறேன். அவருடைய இக்கட்டும் அதோடு போய்விடும். அப்போதுதான் தகப்பன் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார்.

"நிறுத்தாதேங்கோ நானா. அந்த ஒரு நாள்தான் மிச்சம் பிடிக்கிற நாள். அவள் வரக்குள்ள மேல ஓடு போட்டிருக்க வேணும். அதுக்குத்தானே அவளும் போனவள்."

தாய் அனுப்பும் காசு கடனுக்கும் சுவருக்கும் போயிற்று. கூரை தன் பங்கு என்று வைத்திருந்தார் போலிருக்கிறது.

கொஞ்ச நேரம் ஆளுக்கொரு வழி சொன்னோம். மூத்த பிள்ளையை வெள்ளியில் பாடசாலைக்கு விடாமல் வைத்திருக்கலாம் என்று மூப்பர் சொன்னதை மிஸ் பார்வையாலேயே நிறுத்தினார். கடைசியில் டீச்சர்தான், வெள்ளியில் பாடசாலை விட்டதும் இரண்டு பேரும் தன் வீட்டுக்கு வரட்டும், தகப்பன் பாலாவியிலிருந்து திரும்பிக் கூட்டிப்போகும் வரை நிற்கட்டும் என்றார். தகப்பன் கண்ணைத் துடைத்தார். அவர் சம்மதம் சொல்லுமுன், யன்னலிலிருந்து மறுப்பு வந்தது.

"நாங்க ஒருத்தற்ற வீட்டிலயும் சும்மா சாப்பிட மாட்டம்," என்றாள் மூத்தவள்.

தகப்பன் அதட்ட எழும்பினார். டீச்சர் கையைக் காட்டி அவரை இருத்தினார்.

"சும்மா ஆர் தந்தா? எனக்கு நாப்பது புள்ளயளுக்குப் படம் வெட்டி ஒட்டோணும். கத்திரிக்கோல் பிடிக்கத் தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"தங்கச்சிக்கு?"

"அவவுக்குப் பசை பூசத் தெரியும்."

"அப்ப வெள்ளிக்கிழமை வாங்க. வராட்டி நானே வந்து கூட்டிட்டுப் போவேன், எனக்கு நடக்க ஏலா, அந்தப் பாவம் ஒனக்குத்தான்."

மிஸ் பேனையைத் திறந்தார். சிபாரிசு எழுதுவதற்கு முன், வெள்ளியல்லாத ஒரு நாளில் அந்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார். தான் தனியாக வருவதாகவும், செயலாளர் கூட வந்தால் போதும் என்றும் சொன்னார். அதன்படி அந்த வாரச் செவ்வாய்க் காலையில் நானும் அவரும் போனோம். அறிவிக்காமல் போனோம். தகப்பன் அன்று களப்பில் நண்டு இல்லாததால் சீக்கிரமே திரும்பியிருந்தார். வாசற்படியில் உட்கார்ந்து இளையவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். பிள்ளை பாடசாலைச் சட்டையோடு இரண்டு முழங்காலுக்கும் நடுவில் அசையாமல் நின்றது. அவர் ஒரு பின்னலை முடித்து, நுனியை இறுக்கி, பல்லால் கடித்து இழுத்தார். மிஸ் குனிந்து பார்த்துவிட்டு, இது என்ன முடிச்சு என்று கேட்டார்.

"வலை முடிச்சு," என்றது பிள்ளை. "மற்ற நாளில இருட்டோட எழுப்பிப் பின்னிவிடுவார். பின்னேரம் அக்கா அவிழ்க்கேக்க நான் அழுவன்."

தகப்பன் வெட்கப்பட்டார். மிஸ் படியில் உட்கார்ந்து, மற்றப் பின்னலைத் தானே பின்னிக்காட்டினார். அவர் ஒரு தொழில் படிக்கிற கவனத்தோடு பார்த்தார். பிள்ளைகள் தகப்பனுடனேயே இருக்கலாம், வெள்ளிகளில் டீச்சரின் பொறுப்பில் இருப்பார்கள் என்று குழுவின் சிபாரிசு அந்த வாரமே போனது.

சம்மாட்டியார் செய்தது வேறு. அடுத்த வெள்ளி விடியலில் அந்த வள்ளம் தாழையடியிலிருந்து போகவில்லை. முந்தின நாள் பின்னேரமே அதைப் பெரிய துறைக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். பள்ளிவாசலுக்கு நேர் முன்னால், சுபஹுத் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரத்தில், நாலு பேரும் அதைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பார்த்தவர்கள் எனக்குச் சொன்னார்கள். நிர்வாகத்தில் ஒருவர் அவரிடம் நேராகவே கேட்டாராம், தலைவர் இப்ப வெள்ளிக்கிழமையும் தொழிலுக்குப் போறாரோ என்று. நான் போகல்ல, வள்ளம்தான் போகுது, அதுக்கு ஜும்ஆ கடமையில்ல என்றாராம் சம்மாட்டியார். சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை. அடுத்த நிர்வாகத் தெரிவில் அவர் தலைவராக வரவில்லை. அது இதனால்தானா என்று நான் அவரிடம் கேட்டதில்லை. சிறுவர் குழுவின் தலைமையை மட்டும் அவர் விடவில்லை, நாங்களும் விடச் சொல்லவில்லை.

கூட்ட நாளை மாற்ற முயன்றோம். செவ்வாய் என்றால் டீச்சருக்கு முடியாது, சனி என்றால் மிஸ்ஸுக்கு முடியாது, ஞாயிறு என்றால் மூப்பருக்குக் கோயில். எல்லாத் தலைவர்களும் ஓய்வாகவும் எல்லாத் தகப்பன்மாரும் வீட்டிலும் இருக்கும் ஒரு நாள் வாரத்தில் இல்லை என்று கண்டுகொண்டோம். ஆகவே கூட்டம் வெள்ளியிலேயே நின்றது. வீடு பார்க்க மட்டும் இரண்டிரண்டு பேராக, ஒரு வீட்டுக்கு இரு வேறு நாளில் போவது என்று வைத்துக்கொண்டோம். மூப்பர் தன் பங்குக்குக் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். பாலாவிக் கதையைக் கடையில் யாராவது இழுத்தால், அந்த ஆள் லொறியில மீன் விக்கப் போறவர், உனக்கு என்ன வேணும், சவர்க்காரமோ சீனியோ என்று கேட்டு வாயை அடைப்பார்.

டீச்சர் வீட்டு வெள்ளிக்கிழமைகளும் தம்பாட்டில் ஒரு வழக்கமாயின. முதல் வாரம் மூத்தவள் உண்மையிலேயே படம் வெட்டி முடிக்கும் வரை சோற்றில் கை வைக்கவில்லையாம். தவக்காலம் வந்தபோது, வெள்ளியில் இவர்கள் இறைச்சி தின்ன மாட்டார்களே என்று டீச்சர் மூப்பரிடம் ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டு, அந்த வெள்ளிகளில் எல்லாருக்கும் முட்டைக் குழம்பு வைத்தார். அவருடைய கணவர் முணுமுணுத்துக்கொண்டு தின்றார். நானும் ஒருநாள் அங்கே போக நேர்ந்து, முட்டையும் ஆகாத ஆள் என்று தெரிந்ததும், வெள்ளிக்கிழமை ஒரு வீட்டில் எத்தனை சட்டி வைக்கிறது என்று என்னை ஏசிவிட்டுப் பருப்பு வைத்துத் தந்தார்.

தாய் வந்தது ஒப்பந்தம் முழுதாக முடிந்த பிறகு. அது அடுத்த ஆண்டு வாடைக் காலம், கிறிஸ்து பிறப்பு நத்தாருக்குச் சற்று முன். சொன்ன நாளுக்கு இரண்டு நாள் முந்தியே பயணச்சீட்டுக் கிடைத்து, வீட்டுக்கு அறிவிக்காமலேயே புறப்பட்டிருக்கிறாள். விமான நிலையத்திலிருந்து வந்த வான் வண்டி பின்னேரம் புதுக் குடியேற்றத்துக்குள் போனதை நான் வீதியில் நின்று கண்டேன். கொஞ்ச நேரத்தில் அது திரும்பி வந்தது. என்னருகே நிறுத்தினார்கள். உள்ளே பெரிய சூட்கேஸுக்கும் ஒரு சுருட்டிய கம்பளத்துக்கும் நடுவில் அவள் இருந்தாள். முகம் வெளிறியிருந்தது.

வீட்டுக்கு ஓடு போட்டிருக்கிறது, ஆனால் கதவு பூட்டிக் கிடக்கிறது, கூப்பிட்டும் ஒருவரும் இல்லை, பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்று கேட்டாள். வாசலில் நின்று கூப்பிட்டுக் கதவு திறபடாத அந்தச் சில நிமிடத்தில் அவள் என்னவெல்லாம் நினைத்திருப்பாள் என்பது எனக்குத் தெரியும். நாங்களும் அந்தக் கதவின் முன்னால் நின்று ஒவ்வொன்றாய் நினைத்தவர்கள்தானே.

நான் வானில் ஏறி வழி காட்டினேன். டீச்சர் வீட்டு முற்றத்தில் பாய் விரித்து, வெட்டிய கடதாசிகளுக்கு நடுவில் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். மூத்தவள் கத்திரிக்கோலைப் போட்டுவிட்டு எழும்பினாள், எழும்பியவள் அசையவில்லை. இளையவள் பசை பூசிய கையோடு ஓடிவந்து தாயின் இடுப்பைக் கட்டிக்கொண்டது. தாய் அழுதுகொண்டே அதன் தலையைத் தடவினாள். கை பின்னலின் நுனிக்குப் போனதும் நின்றது. அந்த முடிச்சை விரலால் உருட்டிப் பார்த்தாள். அதை அவளுக்குத் தெரியும். அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள்.

"அப்பா எங்க?" என்று கேட்டாள்.

பிள்ளை, இதுகூடத் தெரியாதா என்பதுபோல நிமிர்ந்து பார்த்தது.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமையல்லோ அம்மா."